கையும் காலும்: பள்ளிக் குழந்தைகளிடையே குடற்புழுத் தடுப்பில் கைகழுவும் பழக்கத்தின் இடமும் எல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

மண்வழிப் பரவும் குடற்புழுக்களைத் தடுக்கப் பள்ளிகளில் மாத்திரை வழங்குதலும் கைகழுவுதலை வலியுறுத்துதலும் இணைந்தே நடைபெறுகின்றன. சோப்பிட்டுக் கைகழுவுதல் எவ்வகைப் புழுவை, எந்த அளவிற்குத் தடுக்கிறது என்பதைச் சீனா, எத்தியோப்பியா, பெரு, வங்காளதேசம், கென்யா ஆகிய நாடுகளில் நிகழ்ந்த கள ஆய்வுகளின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. தமிழகத்தில் நிகழ்ந்த பெரிய கள ஆய்வொன்றில் மிகுந்து காணப்பட்டது தோல்வழிப் புகும் கொக்கிப்புழு ஆதலால், கைகழுவுதலை மட்டும் முன்னிறுத்தும் நலக்கல்வி எவ்விடத்தில் போதாமற் போகிறது என்பதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குடற்புழு, கைகழுவுதல், மறுதொற்று, பள்ளி நலக்கல்வி, கொக்கிப்புழு, காலணி.

முன்னுரை

உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்கள் மண்வழிப் பரவும் குடற்புழுக்களில் ஏதேனும் ஒன்றால் பாதிக்கப்பட்டுள்ளனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இவர்களுள் பள்ளிப் பருவத்தினரின் பங்கு பெரிது. மண்ணோடு மிகுதியாகப் புழங்குவதும், விரலை வாயில் வைப்பதும், ஒருவரோடொருவர் நெருங்கி விளையாடுவதும் அப்பருவத்தின் இயல்புகள். புழுத்தொற்று பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. அது குழந்தையின் குருதியையும் உணவையும் சிறிது சிறிதாகப் பங்கிட்டுக்கொள்கிறது. இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு, சோர்வு, பாடத்தில் கவனமின்மை ஆகியன மெல்ல வருவதால், பெற்றோரும் ஆசிரியரும் அவற்றைக் குழந்தையின் இயல்பென்றே எண்ணிவிடுகின்றனர்.

இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களை ஒட்டி, 1 முதல் 19 அகவை வரையுள்ளோருக்கு அங்கன்வாடிகளிலும் கல்வி நிலையங்களிலும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை வழங்கப்படுகிறது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குப் பாதி மாத்திரை. மருந்து மலிவானது, பாதுகாப்பானது, மென்று விழுங்கத்தக்கது. ஆயினும் அது குடலில் ஏற்கெனவே உள்ள புழுவை வெளியேற்றுமேயன்றி, மறுநாள் வாய்க்குள் போகும் முட்டையைத் தடுக்காது. சிகிச்சைக்குப் பின் நிகழும் மறுதொற்றைப் பற்றிய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2012-இல் வெளியான மீளாய்வொன்று, உருண்டைப்புழுவின் பரவல் சிகிச்சைக்கு முன்பிருந்த அளவில் மூன்று மாதத்தில் 26 விழுக்காட்டையும், ஆறு மாதத்தில் 68 விழுக்காட்டையும், ஓராண்டில் 94 விழுக்காட்டையும் மீண்டும் எட்டிவிடுவதாகக் கணக்கிட்டது. அதாவது, சூழலும் பழக்கமும் மாறாத ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் மாத்திரை கொடுத்தால், அடுத்த ஆண்டு ஏறத்தாழத் தொடங்கிய இடத்திலேயே நிற்க நேரும். கைகழுவுதல் பற்றிய வினா இங்குதான் எழுகிறது.

புழுவும் அது புகும் வழியும்

குடற்புழு என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு வாழ்க்கைமுறை கொண்ட உயிரிகள் அடங்குகின்றன. இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் எழுதப்படும் நலக்கல்விப் பாடங்கள் மிகப் பல. எந்தப் பழக்கம் எந்தப் புழுவைத் தடுக்கும் என்பது முழுக்க அப்புழு உடலுக்குள் நுழையும் வழியைப் பொறுத்தது.

உருண்டைப்புழு (அஸ்காரிஸ் லம்பிரிகாய்டஸ்) சிறுகுடலில் வாழ்வது; பெண்புழு ஒரு சாணுக்கு மேலும் வளரக்கூடியது. நாளொன்றுக்கு அது 2 லட்சம் முட்டைகள் வரை இடும். மலத்தோடு வெளியேறும் முட்டை உடனே தொற்றாது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரங்களேனும் கிடந்து, உள்ளே இளம்புழு உருவான பின்னரே தொற்றும் தன்மை பெறும். விழுங்கப்பட்ட முட்டையிலிருந்து வெளிப்படும் இளம்புழு குடற்சுவரைத் துளைத்துக் குருதிவழி நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, மீண்டும் விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து முதிர்கிறது. இச்சுற்றுக்கு இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகும். சாட்டைப்புழுவுக்கு (டிரைகூரிஸ் டிரைகியூரா) இந்நெடும்பயணம் இல்லை. அது பெருங்குடலில் தலைப்பகுதியைப் புதைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். இவ்விரண்டும் முட்டைவடிவில் வாய்வழியே புகுவன. மண்ணுக்கும் வாய்க்கும் இடையிலான பாலங்களுள் முதன்மையானது கை. கழுவாத காய்கனியும் தூய்மையற்ற நீரும் அடுத்தவை.

கீரிப்பூச்சி எனத் தமிழ்நாட்டு வீடுகளில் வழங்கும் நூற்புழு மண்ணையே நாடுவதில்லை. பெண்புழு இரவில் வெளிவந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்குள் அம்முட்டை தொற்றத் தக்கதாகிவிடும். அரிப்பால் சொறியும் குழந்தையின் நகத்தடியில் முட்டை சேர்ந்து, அதே குழந்தையின் வாய்க்கும், பக்கத்தில் உறங்கும் உடன்பிறந்தார்க்கும், விரிப்புக்கும் பாயுக்கும் செல்கிறது. காலையில் எழுந்தவுடன் கைகழுவுதலும் நகத்தை ஒட்ட வெட்டுதலும் இதற்கு நேரடியான தடுப்புகள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுப்பது பெரும்பாலும் வீண் என்பதும், இரண்டு வாரங்களுக்குப் பின் மருந்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதும் இப்புழுவின் இயல்பிலிருந்தே பெறப்படுவன.

கொக்கிப்புழு முற்றிலும் வேறானது. அதன் முட்டை மண்ணில் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். ஐந்து முதல் பத்து நாள்களில் இளம்புழு தொற்றும் பருவத்தை அடைந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். குடற்சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சுவதால் இரத்தசோகைக்கு முதற்காரணமாவது இதுவே. இதன் இரு இனங்களுள் ஒன்றான அன்கைலோஸ்டோமா டியோடினேல் வாய்வழியும் புகவல்லது. மற்றொன்றான நெகேட்டர் அமெரிக்கானஸ் தோல்வழியையே சார்ந்தது. எனவே கையை எத்தனை முறை கழுவினாலும் கொக்கிப்புழுவின் முதன்மைவாயில் திறந்தே இருக்கும்.

இனிப்பு மிகுதியாகத் தின்றால் வயிற்றில் பூச்சி உண்டாகும் என்ற நம்பிக்கை தமிழ்க் குடும்பங்களில் இன்றும் வலுவாக உள்ளது. தூக்கத்தில் பல்லைக் கடித்தால் பூச்சி என்பதும் அத்தகையதே. இவற்றை வெறும் அறியாமை எனத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் இந்நம்பிக்கை காரணத்தைத் தின்பண்டத்தின் மேல் ஏற்றிவிடுவதால், தின்ற கையின் மேல் கவனம் செல்லாமற் போகிறது. மிட்டாயை மறுக்கும் தாய், கையைக் கழுவச் சொல்ல மறந்துவிடுகிறாள். பாடம் கற்பிப்போர் இந்நம்பிக்கையை வகுப்பிலேயே எடுத்துப் பேசாவிடில், புதிய செய்தி பழைய செய்தியின் மேல் ஒட்டாது.

லின்சியாங் பள்ளிகளும் மாயக் கண்ணாடியும்

நலக்கல்வி மட்டுமே புழுத்தொற்றைக் குறைக்குமா என்ற கேள்விக்குத் தெளிவான விடை தந்த ஆய்வு, சீனாவின் ஹூனான் மாநிலத்தைச் சேர்ந்த லின்சியாங் பகுதியில் நிகழ்ந்தது. 2010-2011 கல்வியாண்டில் 38 ஊரகப் பள்ளிகள் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. 9, 10 வயதுடைய 1718 மாணவர்கள் பங்குபெற்றனர். தொடக்கத்தில் இரு பிரிவினருக்கும் அல்பெண்டசோல் வழங்கப்பட்டது. ஒரு பிரிவுப் பள்ளிகளில் 12 நிமிட அசைவூட்டப்படம் ஒன்று திரையிடப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத புழுமுட்டைகளைக் காட்டும் மாயக் கண்ணாடியை அணியும் சிறுவன் அதன் நாயகன். படத்தைத் தொடர்ந்து வகுப்புக் கலந்துரையாடல், துண்டுப்பிரசுரம், ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி ஆகியன நடந்தன. மற்றப் பிரிவினருக்கு வழக்கமான சுவரொட்டி மட்டுமே.

கல்வியாண்டின் இறுதியில் படம் பார்த்த பள்ளிகளில் புதிதாகத் தொற்றுற்றோர் 4.1 விழுக்காடு; ஏனைய பள்ளிகளில் 8.4 விழுக்காடு. கழிப்பறை சென்று வந்தபின் கைகழுவியோர் முறையே 98.9 விழுக்காடும் 54.2 விழுக்காடும் ஆவர். பிரான்சிஸ்கா பியரி உள்ளிட்டோரின் இவ்வாய்வு 2013-இல் வெளியானபோது பெருங்கவனம் பெற்றது. ஒரு திரைப்படமும் சில வகுப்பு மணிகளும் தொற்றைப் பாதியாகக் குறைத்தன என்பது எளிய செய்தியன்று.

இவ்வெற்றியின் அடிப்படை, கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணுக்குத் தெரியச் செய்ததில் உள்ளது. குழந்தைக்கு அழுக்கு என்பது பார்க்கக் கூடிய ஒன்று. சேறு பட்ட கையைச் சொல்லாமலே கழுவும் குழந்தை, பார்வைக்குத் தூய்மையான கையைக் கழுவ மறுக்கிறது. முட்டையின் உருவம் மனத்தில் பதிந்த பின்னர்த் தூய்மையான கை என்ற எண்ணமே மாறிவிடுகிறது.

ஆயினும் இதனை எங்கும் அப்படியே பொருத்த இயலாது. லின்சியாங்கில் மிகுந்திருந்தது வாய்வழிப் புகும் உருண்டைப்புழு. தொற்றின் அளவும் அங்கு மிக உயர்ந்ததாக இல்லை. இதே அணுகுமுறை பின்னர்ப் பிலிப்பைன்ஸ் நாட்டின் லகுனா மாநிலத்தில் சோதிக்கப்பட்டபோது, மாணவரின் அறிவும் பழக்கமும் மேம்பட்டன; ஆனால் தொற்றின் அளவில் ஒட்டுமொத்தமாக வேறுபாடு புலப்படவில்லை. தொற்று ஏற்கெனவே குறைவாக இருந்த பள்ளிகளிலேயே பயன் தெரிந்தது. முட்டைகள் மிகுந்து கிடக்கும் மண்ணில், கைகழுவும் குழந்தையும் வேறு வழியில் தொற்றுறுகிறது என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

அறிவுக்கும் பழக்கத்திற்கும் இடையே

எத்தியோப்பியாவின் வடபகுதியில் 6 முதல் 15 வயது வரையுள்ள 367 குழந்தைகளிடம் நிகழ்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, வகுப்பறையை விட்டு வீட்டிற்குச் சென்றது. சோப்பு வழங்கிக் கைகழுவுதலை வாரந்தோறும் ஊக்குவித்த வீடுகளில் ஆறு மாதங்களுக்குப் பின் குடல் ஒட்டுண்ணி மறுதொற்று 14 விழுக்காடு. ஏனையவற்றில் 29 விழுக்காடு. வாரந்தோறும் நகம் வெட்டிவிடப்பட்ட குழந்தைகளிடம் 17 விழுக்காடு. வெட்டப்படாதோரிடம் 26 விழுக்காடு. நகவெட்டி ஒன்று இத்தனை செய்யும் என்பது பலரும் எதிர்பாராதது. பெரு நாட்டின் அமேசான் பகுதியில் 18 பள்ளிகளில் நிகழ்ந்த ஆய்வோ மற்றோர் உண்மையைத் தெளிவாக்கியது. நலக்கல்வி பெற்ற மாணவரிடம் உருண்டைப்புழுவின் செறிவு வெகுவாகக் குறைந்தது. கொக்கிப்புழுவிலும் சாட்டைப்புழுவிலும் அத்தகைய பயன் காணப்படவில்லை.

முரணான சான்றுகளையும் மறைத்தல் தகாது. வங்காளதேசத்திலும் கென்யாவிலும் ஆயிரக்கணக்கான ஊரகக் குடும்பங்களிடம் நிகழ்ந்த பெரிய ஆய்வுகளில், கைகழுவுதலைத் தனியே ஊக்குவித்த பிரிவில் குடற்புழுத் தொற்று குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கென்யாவில் குடிநீரைத் தூய்மைப்படுத்திய பிரிவில் உருண்டைப்புழு 18 விழுக்காடும், நீர், கழிப்பறை, கைகழுவுதல் மூன்றும் இணைந்த பிரிவில் 22 விழுக்காடும் குறைந்தது. இவை பெரும்பாலும் சிறுகுழந்தைகள் உள்ள வீடுகள். பள்ளிச் சூழல் அல்ல. தவழும் குழந்தையின் கை கழுவிய மறுநிமிடமே மீண்டும் மண்ணைத் தொடும். பள்ளிக் குழந்தைக்குக் கழிப்பறைக்குப் பின், உணவுக்கு முன் எனத் தெளிவான இரு வேளைகள் உண்டு. கைகழுவுதல் பயனற்றது என இச்சான்றுகளிலிருந்து முடிவு கட்டுவது பொருந்தாது. அது தனித்து நின்று வெல்லும் என எண்ணுவதும் பொருந்தாது.

அறிவுறுத்தலே இன்றிப் பழக்கத்தை உண்டாக்கியதற்கும் வங்காளதேசத்திலேயே ஒரு சான்று உள்ளது. இரு தொடக்கப்பள்ளிகளில் கழிப்பறையிலிருந்து கைகழுவும் இடம்வரை வண்ணப் பாதையும் அதன்மேல் காலடித் தடங்களும், குழாயருகே கைத்தடங்களும் வரையப்பட்டன. உரையோ பாடமோ இல்லை. அதற்கு முன் கழிப்பறைக்குப் பின் சோப்பிட்டுக் கைகழுவியோர் 4 விழுக்காடு. தடங்கள் வரைந்த மறுநாள் 68 விழுக்காடு. ஆறு வாரங்களுக்குப் பின் 74 விழுக்காடு. இரண்டே பள்ளிகளின் ஆய்வு ஆதலின் இதனைப் பெரிதுபடுத்தக் கூடாது. எனினும், சுவரில் வாசகம் எழுதுவதற்குச் செலவிடும் வண்ணத்தைத் தரையில் செலவிட்டால் என்ன என்று எண்ணத் தூண்டுகிறது.

குழாயடியில் நிகழ்வது

தமிழகப் பள்ளிகளில் கைகழுவுதலுக்குரிய வேளையைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் குழந்தைகளைப் பள்ளியிலேயே கையால் உண்ண வைக்கின்றன. சிக்கல் வேளையில் அன்று, குழாயில் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் கைகழுவ 40 முதல் 60 விநாடி வரை பரிந்துரைக்கிறது. 120 குழந்தைகள் உள்ள பள்ளியில் நான்கு குழாய்கள் இருப்பதாகவும், ஒருவருக்குக் குறைந்தது 40 விநாடி ஆவதாகவும் கொண்டால், அனைவரும் கழுவி முடிக்க 20 நிமிடம் ஆகும். பசித்த குழந்தைகளின் வரிசை 20 நிமிடம் நிற்பதில்லை. விரல் நுனியை நனைத்துவிட்டுத் தட்டை ஏந்தும். நீண்ட குழாய் ஒன்றில் துளைகளிட்டு ஒரே நேரத்தில் 12 பேர் கழுவுமாறு அமைத்தால் அதே வேலை ஏழு நிமிடத்திற்குள் முடியும். பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் நாள்தோறும் குழுவாகக் கைகழுவும் முறை இத்தகைய எளிய அமைப்பின் மேலேயே வளர்ந்தது.

அடுத்தது சோப்பு. குழாயடியில் வைத்தால் காணாமற் போகும் என்ற அச்சத்தால் அது அலமாரிக்குள் தங்கிவிடுவதுண்டு. ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சலவைத்தூளைக் கரைத்துப் புட்டியில் வைக்கும் முறை வங்காளதேசத்தில் கையாளப்பட்டது. எடுத்துச் செல்ல யாரும் விரும்பாத பொருள் என்பதே அதன் சிறப்பு.

சோப்பு புழுமுட்டையைக் கொல்வதில்லை என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். உருண்டைப்புழு முட்டையின் ஓடு தடித்தது. புறப்பரப்பு ஒட்டும் தன்மையது. நுரையும் தேய்ப்பும் ஓடும் நீரும் சேர்ந்து அதனைத் தோலிலிருந்து பெயர்த்து அகற்றுகின்றன. கொரோனாக் காலத்தில் பள்ளிகளுக்கு வந்த சாராய அடிப்படையிலான கைத்திரவத்தை இதற்கு மாற்றாகக் கொள்ள இயலாது. தேய்த்த திரவம் உலர்ந்துவிடும்; முட்டை கையிலேயே இருக்கும். ஒரு பாத்திர நீரில் பலரும் கையை அமிழ்த்துவதும் அவ்வாறே. முன்னாளில் வழங்கிய மண்ணிட்டுக் கைகழுவும் வழக்கத்தில், எடுக்கும் மண்ணே முட்டைக்கு உறைவிடமாக இருக்கக்கூடும்; சாம்பல் அவ்வகையில் மேலானது.

கழிப்பறை கட்டுவதும் எப்போதும் நன்மையாகவே முடிவதில்லை. கென்யாவின் நியான்சா பகுதியில் நிகழ்ந்த ஆய்வொன்றில், கழிப்பறை புதிதாகக் கட்டப்பட்ட பள்ளிகளைச் சேர்ந்த சிறுமியரின் கைகளில் மலவழி நுண்ணுயிர் கூடுதலாகக் காணப்பட்டது. கழிப்பறையைப் பயன்படுத்துவோர் பெருகினர். கைகழுவவோ துடைக்கவோ போதிய ஏற்பாடு பெருகவில்லை.

தமிழக மண்ணும் கொக்கிப்புழுவும்

கொக்கிப்புழு தமிழருக்குப் புதிய பகைவன் அன்று. ராக்பெல்லர் அறக்கட்டளை 1916-இல் இலங்கையில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்புப் பணி, தமிழ்த் தொழிலாளர் உழைத்த தோட்டங்களிலேயே முதலில் நிகழ்ந்தது. மருந்து கொடுத்தும் கழிப்பிடம் இல்லாத லயங்களில் நோய் திரும்பி வந்தது அன்றே கண்டறியப்பட்ட பாடம். நூறாண்டு கழித்து, 2017 டிசம்பர் முதல் 2018 பிப்ரவரி வரை, திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் டிவார்ம்3 ஆய்வின் பகுதியாக 6089 பேரின் மலமாதிரிகள் பரிசோதிக்கப்பட்டன. வயதுக்கும் பகுதியின் அளவுக்கும் ஏற்பச் சீர்செய்த கணக்கின்படி 21.4 விழுக்காட்டினரிடம் குடற்புழு இருந்தது; அதில் கொக்கிப்புழு மட்டும் 21.0 விழுக்காடு. கையால் பரவும் உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் அங்கு அரிதாகவே காணப்பட்டன.

இக்கணக்கு பள்ளி நலக்கல்வியாளரை நிறுத்திச் சிந்திக்க வைக்க வேண்டியது. உலகக் கைகழுவும் நாளான அக்டோபர் 15-இல் ஜவ்வாது மலைப் பள்ளியொன்றில் மாணவர் அனைவரும் முறையாகக் கைகழுவக் கற்றாலும், அவ்வூரின் முதன்மைப் புழு அதனால் அசையாது. வயிற்றுப்போக்கும் மூச்சுக்குழல் தொற்றும் குறையும், கீரிப்பூச்சி குறையும், அவற்றிற்காகவே அப்பயிற்சி தேவைதான். ஆனால் குடற்புழுத் தடுப்பு எனப் பெயரிட்டு அதை மட்டுமே நடத்துவது, பூட்டாத வாயிலை விட்டுவிட்டுச் சன்னலைச் சாத்துவதாகும். காலணி அணிவோரிடம் கொக்கிப்புழுத் தொற்றின் வாய்ப்பு மிகக் குறைவு என்பதை 2014-இல் வெளியான மீளாய்வொன்று பல நாட்டு ஆய்வுகளிலிருந்து தொகுத்துக் காட்டியது. அதே மீளாய்வில்தான் உண்ணும் முன் கைகழுவுதலும் மலங்கழித்தபின் கைகழுவுதலும் உருண்டைப்புழுத் தொற்றுக் குறைவோடு தொடர்புற்றிருப்பதும் நிறுவப்பட்டது.

‘கைகால் கழுவுதல்’ எனத் தமிழ் இரண்டையும் ஒருசேரவே சொல்கிறது. எனினும் கழுவுதல் காலணிக்கு ஈடாகாது. இளம்புழு தோலுக்குள் நுழையச் சிறிது நேரத் தொடர்பே போதும். அரசுப் பள்ளி மாணவர்க்கு விலையில்லாக் காலணி வழங்கப்படுவது இவ்வகையில் பெரும் வாய்ப்பு. ஆனால் அக்காலணி எப்போது அணியப்படுகிறது என்பதே வினா. வகுப்பறை வாயிலில் கழற்றி விடப்படும் காலணி, இடைவேளையில் கழிப்பறைக்கு ஓடும் குழந்தையின் காலில் இருப்பதில்லை. விளையாட்டுத் திடலில் கபடி வெறுங்காலோடுதான். பள்ளி விட்டதும் புத்தகப்பையோடு காலணியும் மூலையில் வைக்கப்பட்டு, வயலுக்கும் ஓடைக்கரைக்கும் வெறுங்கால் செல்கிறது. ஈரமும் நிழலும் மலமும் சேர்ந்து கொக்கிப்புழுவின் இளம்புழு தங்குமிடமும் அதுவே. கழிப்பறை வாயிலில் பொதுவாகப் பயன்படுத்தப் பத்து இணை ரப்பர்ச் செருப்புகளை வைத்து, கைகழுவும் பாடத்தோடு அவற்றை அணிவதையும் சேர்த்துக் கற்பிப்பதற்குப் பள்ளிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அவ்வாறு செய்த பள்ளிகளையும் செய்யாத பள்ளிகளையும் ஓராண்டு ஒப்பிட்டு மலமாதிரி பரிசோதிக்கும் ஆய்வொன்றைத் தமிழகப் பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளலாம். கொக்கிப்புழு மிகுந்த பகுதிகள் எவை என்பது ஏற்கெனவே தெரியும்.